நாடு முழுவதும் மின்சாரம் நின்றால்: திருகோணமலையில் ஓர் ஒழுங்கை (சிறுதெரு) எதற்கு முதலில் ஆயத்தமாக வேண்டும்?

உவர்மலையூரான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மின்தடையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எந்த இன்வேட்டரை வாங்குவது, எந்த விளக்கு அதிக நேரம் எரியும் என்பவற்றோடு அது முடிந்துவிடுகிறது. அவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஓர் ஒழுங்கையில் ஒரு நாளோ இரண்டு நாளோ மின்சாரம் வராமற் போனால், அங்கிருக்கும் முதியவர்களும் நோயாளரும் கைக்குழந்தைகளும் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற கேள்வியை எவரும் எடுத்துப் பேசுவதில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அண்மைய ஆண்டுகளில் நாம் மூவகையான மின்தடையைக் கண்டிருக்கிறோம். 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற் போனபோது வந்தது அட்டவணைப்படியான மின்வெட்டு. அவ்வாண்டு மார்ச் இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆயினும் பகுதிகளை ஆங்கில எழுத்துகளால் பிரித்து, எந்த எழுத்துக்குரிய பகுதிக்கு எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால், தண்ணீர் இறைப்பதையும் சமைப்பதையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது வகை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நாடு முழுவதும் ஒன்றாக நின்றுபோவது. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் அப்படித்தான் நடந்தது. மூன்றாவது, புயலோடும் வெள்ளத்தோடும் வருவது. 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவியையும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவையும் நம் மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் எனக்குக் கவலை தருகின்றன. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர், அடுத்தது மருந்து, அதன்பின் செய்தித் தொடர்பு, கடைசியாகவே வெளிச்சம் என்பது என் உறுதியான எண்ணம். நகரத்துக் குழாய்நீர் கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்பப்படுவது. உயரத் தாங்கியில் இருக்கும் நீர் சில மணித்தியாலங்களுக்கு வரும். மீண்டும் ஏற்ற மின்சாரம் இல்லையென்றால் குழாய் வற்றிவிடும், உவர்மலை போன்ற மேட்டுப் பகுதிகளில் அது முதலில் வற்றும். முன்பு வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. குழாய் வந்த பிறகு பல கிணறுகள் மூடப்பட்டன, எஞ்சியவற்றில் மோட்டார் பூட்டப்பட்டது, கப்பியும் கயிறும் வாளியும் காணாமற் போயின. எங்கள் ஒழுங்கையில் மின்சாரமில்லாமல் தண்ணீர் எடுக்கக்கூடிய கிணறு இன்று ஒன்றுகூட இல்லை.

உங்கள் பகுதிகளில் செய்து பார்த்த ஏற்பாடுகளை எழுதுங்கள். விற்பனை விளம்பரங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

கம்பிவழி

வணக்கம் ஐயா. நான் நிலாவெளிப் பக்கம் மின் இணைப்பு வேலை செய்பவன். ஏன் ஒரு மூலையில் ஏற்படும் கோளாறு முழு நாட்டையும் நிறுத்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எவ்வளவு நேரத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்பது தானாகவே விளங்கும் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

வலையமைப்பில் பிறப்பிக்கப்படும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் எந்தக் கணத்திலும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையை 50 ஹேட்ஸ் என்ற மீடிறன் (அதிர்வெண்) காட்டுகிறது. பெரிய மின்நிலையங்களின் பாரமான சுழலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு நிலையம் நின்றாலும் ஏனையவற்றின் சுழல்வேகம் மீடிறனைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மின் தேவை குறைவாக இருந்தது, நல்ல வெயிலில் கூரைச் சூரியமின்சாரம் அதிகமாக வந்துகொண்டிருந்தது, அதனால் பாரமான சுழலிகள் குறைவாகவே ஓடின. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதால் கோளாறு ஏற்பட்டதாக அமைச்சர் அறிவித்தார். அந்த அதிர்ச்சியைத் தாங்கும் வலு அப்போது வலையமைப்பில் இருக்கவில்லை. மீடிறன் விழ விழ ஒவ்வொரு நிலையமும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே விலகிக்கொண்டது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், அதாவது 900 மெகாவாட், அவ்வாறு நின்றவைதான். நிலக்கரி இயந்திரத்தை மீளவும் முழு வலுவுக்குக் கொண்டுவர நாட்கள் செல்லும் என்பதால்தான், மின்சாரம் வந்த பிறகும் அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால வெட்டு அறிவிக்கப்பட்டது.

மீளக் கொண்டுவரும் வேலை நீர்மின் நிலையங்களிலிருந்து தொடங்கும். வெளி மின்சாரம் இல்லாமலே அவற்றை இயக்கிவிடலாம். மகாவலியில் மட்டும் விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201 மெகாவாட். (அந்த ஆறு நமது கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது, ஆனால் அதன் மின்சாரம் மலைநாட்டிலிருந்து உயரழுத்தக் கம்பிகளில் நெடுந்தூரம் சுற்றித்தான் நம்மிடம் வருகிறது.) அங்கிருந்து ஒவ்வொரு உபமின்நிலையமாக, சுமையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் மறுபடியும் விழுந்துவிடும். ஆகவே முதல் மணித்தியாலத்தில் எவராலும் நேரம் சொல்ல முடியாது. ஆறு மணித்தியாலம் வராது என்று வைத்துக்கொண்டு செயற்படுங்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு.

மூன்று எச்சரிக்கைகள். கூரையில் சூரியத்தகடு இருப்பதால் மின்தடையில் தங்களுக்கு மின்சாரம் கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வலையமைப்போடு இணைந்த சாதாரண இன்வேட்டர், வலையமைப்பு நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மின்கலம் சேர்ந்த கலப்பு முறை இன்வேட்டர் இருந்தால் மட்டுமே வீட்டுக்குத் தனியாக மின்சாரம் கிடைக்கும். இரண்டாவது, வெளிக்கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டாமல் ஜெனரேட்டரின் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகுவது. அந்த மின்சாரம் மீற்றர் வழியாக வெளியே சென்று, மின்மாற்றியில் பல மடங்கு அழுத்தமாக உயர்ந்து, கம்பத்தில் ஏறியிருப்பவரைக் கொல்லும். மூன்றாவது, ஜெனரேட்டரை விறாந்தையிலோ குசினியிலோ ஓடவிடுவது. அதன் புகையில் உள்ள காபன்மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

---

வெண்சீருடை

தண்ணீருக்கு அடுத்ததாக மருந்தை வைத்தமைக்கு நன்றி ஐயா. நான் தாதியாகப் பணிபுரிகிறேன். பெரிய வைத்தியசாலைகளில் ஜெனரேட்டர் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பராமரிக்கப்படும் நோயாளரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

இன்சுலின் பற்றிய பதற்றம் அதிகம். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை, 25 பாகை அளவைத் தாண்டாத, வெயில் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமைகள் வைத்திருக்கலாம்; வகைக்கு வகை சிறிது வேறுபடும் என்பதால் பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். ஆகவே சில மணித்தியால மின்தடைக்காக இன்சுலினை எறிந்துவிடத் தேவையில்லை. செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பயத்தில் ஐஸ் கட்டியின்மேல் நேராக வைப்பது. உறைந்துபோன இன்சுலின் உருகிய பின்னும் வேலை செய்யாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இரண்டு மண்பானை முறையைப் பரிந்துரைக்கிறோம். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணலை நிரப்பி நனைத்து, மேலே ஈரத்துணி மூட வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். நம் ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது இந்தப் பானை மிக நன்றாக வேலை செய்யும். மாரி காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் நீர் ஆவியாகாது, குளிர்ச்சியும் குறையும். புயல் வருவதோ மாரியில். அந்தக் காலத்துக்கு ரெஜிபோம் பெட்டியும், துணியில் சுற்றிய ஐஸும்தான் பொருத்தம்.

ஒட்சிசன் செறிவாக்கி பயன்படுத்துபவர் வீட்டில் சிறிய சிலிண்டர் ஒன்று நிரப்பியபடி இருக்க வேண்டும். நெபுலைசர் இயந்திரத்தை நம்பியிருக்கும் ஆஸ்துமா நோயாளர், வாயால் உறிஞ்சும் மருந்துப் பம்பையும் அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயையும் முறையாகப் பயன்படுத்தும் விதத்தைக் கிளினிக்கில் முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும். சரியாக எடுத்தால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும். 1990 அம்புலன்ஸ் சேவை இருக்கிறது என்று ஆறுதலடைகிறோம். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலம் தீர்ந்துவிட்டால் அந்த இலக்கத்தையும் அழைக்க முடியாது. அப்படியொரு வேளையில் நோயாளியை எவருடைய வாகனத்தில் கொண்டுபோவது என்பதை மின்சாரம் இருக்கும் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

---

கிண்ணியா நெய்தல்

அஸ்ஸலாமு அலைக்கும். உவர்மலை ஐயாவின் வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரைச் சேமித்து வையுங்கள் என்று சொல்லும்போது கூடவே மூடி வையுங்கள் என்றும் சொல்ல வேண்டும். 2017இல் எங்கள் ஊரில் டெங்கு எப்படிப் பரவியது, எத்தனை வீடுகளில் இழப்பு நேர்ந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. தண்ணீருக்குப் பயந்து வாளிகளையும் பீப்பாய்களையும் நிரப்பித் திறந்து வைத்தால், மின்சாரம் வந்த பிறகு நுளம்பு வரும். வாய் குறுகிய கலன், இறுக்கமான மூடி, கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுதல்: இந்த மூன்றும் இல்லாமல் தண்ணீர்ச் சேமிப்பைப் பற்றிப் பேசவே கூடாது.

இன்னொன்று. வாடகை வீட்டில் இருப்பவரும், அன்றாடம் கடலுக்கும் கூலிக்கும் போகிறவரும் மின்கலமோ கலப்பு முறை இன்வேட்டரோ வாங்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் பள்ளிவாசலின் ஜெனரேட்டரை நம்பித்தான் சுற்றியுள்ள வீடுகள் இருக்கின்றன. ஹவுழில் (வுழூச் செய்யும் தொட்டியில்) தண்ணீர் இருக்கும், தொலைபேசிக்கு மின்னேற்றலாம், குழந்தைக்கு மூச்சு முட்டினால் நெபுலைசரைக் கொண்டுவந்து இயக்கலாம். இது கோயிலுக்கும், தேவாலயத்துக்கும், வாசிகசாலைக்கும் பொருந்தும்.

---

பட்டினத்தெரு

பொதுவாக வைத்துக்கொள்வது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடைமுறை வேறு. 2022இல் எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாங்கின. முதல் மாதத்திலேயே எரிபொருளுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் பிணக்கு வந்தது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் ஓட, இன்னொரு வீட்டில் இரண்டு விளக்கு மட்டும் எரிந்தால், சமமாகப் பணம் கேட்பது நியாயமாகாது. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு வாங்கும் முறை வந்து எரிபொருள் பங்கீடானபோது அது முற்றாக நின்றுவிட்டது. தன் வீட்டுக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்வதே நிலைக்கும் என்பது என் கருத்து.

---

கம்பிவழி

பட்டினத்தெரு அண்ணா சொல்லும் பிணக்கை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பிணக்கு வந்ததற்குக் காரணம் இயந்திரம் பொதுவாக இருந்தது அல்ல, அதை வீடுகளுக்கு வயர் இழுத்துப் பகிர்ந்ததே. வீட்டுக்கு வயர் போனால் அளவு கேட்க வேண்டிவரும், அளவு கேட்டால் சந்தேகம் வரும். கிண்ணியா நானா எழுதிய ஏற்பாட்டில் வயர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆட்கள்தான் பொது இடத்துக்கு வருகிறார்கள். எது பொதுவில், எது தனியாக என்பதை முதலில் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை எழாது.

தனியாகச் செய்துகொள்ள விரும்புபவருக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய-அமில மின்கலத்தில் பெயரளவில் 1200 வாட்-மணி இருக்கும். அது நீண்ட காலம் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகக் கையில் இருப்பது 600. ஒன்பது வாட் எல்இடி குமிழ் மூன்று, முப்பது வாட் டீசி மின்விசிறி ஒன்று, பத்து வாட் ரவுட்டர் ஒன்று என்றால் மொத்தம் 67 வாட். இன்வேட்டரில் வீணாவது போக ஏழெட்டு மணித்தியாலம் ஓடும். அதே மின்கலத்தில் பழைய வகைக் கூரை மின்விசிறிகள் இரண்டைப் போட்டால் நான்கு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீர் மோட்டாரையும் மின்கேத்தலையும் இதில் போடவே முடியாது. பணம் செலவழிப்பதற்கு முன் மின்விசிறியை மாற்றுவதே சிக்கனம்.

---

திருக்கடலூர் வலை

எங்கள் தொழிலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். மின்சாரம் நின்றால் ஐஸ் தொழிற்சாலை நிற்கும். ஐஸ் இல்லாமல் பலநாள் படகு புறப்படாது. ஒருநாள் படகுகள் போகலாம், ஆனால் கொண்டுவந்த மீனைத் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ அனுப்ப முடியாது. அன்று கரையிலேயே கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். 2022இல் மின்வெட்டோடு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுகளுக்கு மண்ணெண்ணெய்தான் எரிபொருள் என்பதால் இரண்டு பக்கமும் அடைபட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள்தான் தொழிலைக் காப்பாற்றினார்கள் என்று நான் எவரிடமும் சொல்வேன். விற்காத மீனைப் பிளந்து, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கணக்கில் தொட்டியில் அடுக்கி, பின் நிலத்தில் அல்லாமல் உயர்த்திக் கட்டிய வலைமேல் காயவைத்தார்கள். உப்புக்கு நிலாவெளி உப்பளம் இருக்கிறது, வெயிலுக்குக் குறைவில்லை. சாளை, கீரி, சூரை எல்லாம் கருவாடாகின. மாரியில் இது இயலாது. அப்போது உப்புத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மீன் வைத்திருக்கும் வீட்டாருக்கும் இதுவே வழி. உறைபெட்டி நிறைந்திருந்து, திறக்காமலும் இருந்தால், ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். பாதியாக இருந்தால் ஒரு நாள். கீழ்த்தட்டு நான்கு மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு, நாறும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே உப்பிடுங்கள்.

---

தம்பலகாமம் வயல்

பாலுக்கும் அதே கதைதான். குளிரூட்டும் தாங்கி நின்றால் பால் சேகரிக்க வருபவர் வரமாட்டார். நாங்கள் உடனே காய்ச்சி உறைவிட்டு முட்டியில் தயிராக்கிவிடுவோம். இந்த மாவட்டத்துத் தயிருக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு என்பதால் நட்டம் குறையும்.

---

இடம்பெயர்ந்தவள்

வெளிச்சத்தைக் கடைசியில் வைத்த ஐயாவோடு எனக்குச் சிறிது மாறுபாடு உண்டு. நான் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் படித்தேன். குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இருக்கவில்லை. தண்ணீருக்குத் துலாவும் கிணறும் எப்போதும்போல் இருந்தன, ஆகவே அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. படிக்க வெளிச்சமில்லாததுதான் பெருங்குறையாக இருந்தது. மண்ணெண்ணெய் நெருப்பு விலை என்பதால் ஜாம் போத்தல் விளக்குச் செய்தோம். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியைச் செருகி, வளைத்த கம்பியொன்றில் அதைப் போத்தலுக்குள் நிறுத்துவோம். கண்ணாடி காற்றைத் தடுக்கும். விளக்கு சரிந்தாலும் பஞ்சு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்து மேலே போனவர்கள் ஏராளம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கினோம்.

இன்று அந்த விளக்கைச் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. சிறிய சூரியவிளக்கு அதைவிடப் பாதுகாப்பானது, கண்ணுக்கும் நல்லது. நான் சொல்ல வருவது வானொலியைப் பற்றி. 2025 பெப்ரவரியில் என்ன நடந்தது என்று தெரியாமல் வதந்திகள் எவ்வளவு வேகமாகப் பரவின! மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலி ஒன்று ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது இருந்தால், அந்த வீட்டாரிடம் கேட்டு மற்றவர்கள் அமைதியடையலாம். வீட்டுத் தொலைபேசி பழைய செப்புக் கம்பியில் வந்தபோது இணைப்பகத்திலிருந்தே அதற்கு மின்சாரம் வந்தது. இப்போது ஃபைபர் இணைப்புக்கு மாறிய வீடுகளில் பெட்டிக்கு மின்சாரமில்லையென்றால் தொலைபேசியும் இல்லை என்பதை வயதானவர்களுக்கு விளக்கிச் சொல்லி வையுங்கள்.

---

மூதூர்க் கரை

இதுவரை எழுதியவை எல்லாம் நிலம் காய்ந்திருக்கும் நாட்களுக்கானவை. டித்வாவின்போது மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைப்பெடுத்த பின் எங்கள் பக்கத்தில் இருந்த நிலை வேறு. வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது மின்சாரம் இருப்பதே ஆபத்து. தண்ணீர் பிளக் மட்டத்துக்கு வருவதற்கு முன் பிரதான சுவிட்சை நாமே நிறுத்த வேண்டும். நனைந்த கையோடு, தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பி செத்த கம்பி என்று எவரும் எண்ண வேண்டாம். மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, ஒருவரைக் காவல் நிறுத்துங்கள்.

கிணறு இருக்கிறது என்ற ஆறுதலும் வெள்ளத்தில் போய்விடும். மலக்குழி நிறைந்து கிணற்றோடு கலந்துவிட்டால், இறைத்துக் குளோரின் இட்டுச் சுத்தம் செய்யும்வரை அந்த நீரைக் குடிக்க முடியாது. குழாயும் இல்லை, கிணறும் இல்லை என்ற நிலையில் நாங்கள் மழைநீரைத்தான் பிடித்தோம். கூரைப் பீலியிலிருந்து துணி கட்டி வடித்து, கொதிக்கவைத்துக் குடித்தோம். கொதிக்கவைக்க விறகு நனையாமல் இருக்க வேண்டும். பரணில் ஒரு கட்டு உலர்ந்த விறகும், மெழுகு தடவிய தீப்பெட்டியும் இருந்த வீடுகள் முழு ஒழுங்கைக்கும் சுடுநீர் கொடுத்தன. தொலைபேசிகளுக்கு உழவு இயந்திரத்தின் மின்கலத்திலிருந்து மின்னேற்றினோம்.

---

சாம்பல்தீவு அம்மா

குழந்தைகளின் உறக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி நின்றால் வெப்பமும் நுளம்பும் ஒன்றாக வரும். நுளம்புவலை கட்டினால் காற்றில்லை என்று வலையைக் கழற்றிவிடுகிறோம், அது கூடாது. மாலையிலேயே முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, கடற்காற்று வரும் பக்கத்து யன்னலைத் திறந்து, கட்டிலை விட்டுப் பன்பாயை நிலத்தில் விரித்து, அதன்மேல் வலையைக் கட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பிப் படிக்க வைப்பது, இரவு மெழுகுதிரியில் கண்ணை வருத்துவதை விட மேல். மெழுகுதிரியை வலைக்கு அருகில் வைத்து எரிந்த வீட்டை எங்கள் பக்கத்தில் பார்த்தோம். அந்தக் குடும்பம் உயிர் தப்பியது இறைவன் செயல்.

சம்பூரில் சூரியமின் நிலையம் வந்தால் நமக்கு இந்தத் தொல்லை இருக்காது என்று என் மகன் சொல்கிறான். அது உண்மையா?

---

கம்பிவழி

அக்கா, சம்பூரில் முன்பு திட்டமிட்ட 500 மெகாவாட் அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலான 120 மெகாவாட் சூரியமின் திட்டத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் நமது ஜனாதிபதியும் தொடக்கவிழா நடத்தினார்கள். அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போவதற்கானது. வலையமைப்பு முழுவதும் விழும்போது, கூரை இன்வேட்டர் நிற்பதுபோல் அத்தகைய நிலையமும் விலகிக்கொள்ளும். பெரிய மின்கலத் தொகுதியும், வலையமைப்பு இல்லாமலே மீடிறனை உருவாக்கித் தரும் இன்வேட்டர்களும் அதனோடு சேர்க்கப்பட்டால் மட்டுமே நமது மாவட்டத்தைத் தனித்தீவாகச் சிறிது நேரம் ஓட்டலாம். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. 2006இல் இடம்பெயர்ந்து நீண்ட காலம் முகாம்களில் வாழ்ந்த சம்பூர் மக்களுக்கு அந்த உரிமை இன்னும் அதிகம். மாவட்ட அபிவிருத்திக் கூட்டங்களில் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

---

பட்டினத்தெரு

தம்பி எழுதிய பிரிப்பு எனக்கு நியாயமாகப் படுகிறது. கிணறு, மின்னேற்றும் இடம், நெபுலைசர், வானொலி ஆகியவை பொதுவில். விளக்கும் மின்விசிறியும் அவரவர் வீட்டில் என்றால் எங்கள் தெருவிலும் மறுபடி பேசிப் பார்க்கலாம். பொதுவானவற்றுக்குப் பொறுப்பாக ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. எல்லோருக்கும் பொறுப்பு என்றால் எவருக்கும் பொறுப்பில்லை.

---

வெண்சீருடை

அந்தப் பெயர்ப்பட்டியலோடு நோயாளரின் பட்டியலையும் சேர்த்து எழுதலாம், ஆனால் அவர்களது சம்மதத்தோடு மட்டும். நோயை எழுதத் தேவையில்லை. “குளிரில் வைக்கும் மருந்து உண்டு”, “இயந்திர உதவி உண்டு”, “நடக்க முடியாதவர்” என்ற அளவு போதும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கர்ப்பிணிகளின் விபரம் ஏற்கெனவே இருக்கும். கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி இருந்தால் புயல் எச்சரிக்கை வரும் நாளில் எவரை முதலில் ஏற்றுவது என்று தேடத் தேவையில்லை.

---

உவர்மலையூரான்

அனைவருக்கும் நன்றி. எங்கள் ஒழுங்கையில் நேற்று மாலை சில வீட்டாரோடு பேசினேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் வளவில் பழைய கிணறு ஒன்று பலகையால் மூடியபடி இருக்கிறது. அவர் தொலைபேசியில் சம்மதம் தந்துவிட்டார். அதை இறைத்துத் துப்புரவாக்கிக் கைப்பம்பி ஒன்றைப் பூட்டலாம் என்பது பலரின் விருப்பம். கம்பிவழித் தம்பி, எந்த வகைப் பம்பி பொருத்தம் என்று சொல்ல முடியுமா?

---

கம்பிவழி

ஐயா, முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். மேலிருந்து உறிஞ்சும் கைப்பம்பி நடைமுறையில் ஏழு மீற்றருக்கு மேல் உறிஞ்சாது. நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற மணற்பாங்கான கரையோரத்தில் நீர் மேலேயே இருப்பதால் அது சரிவரும். உவர்மலை மேட்டுநிலம்; அங்கே நீர் ஆழத்தில் இருக்கக்கூடும், அதிலும் ஆவணி புரட்டாதியில் இன்னும் இறங்கும். ஏழு மீற்றரைத் தாண்டினால் பம்பிக்குப் பணம் கட்டாமல் இரும்புக் குறுக்குச் சட்டமும் கப்பியும் போடுங்கள். இரண்டு வாளிகளை ஒரே கயிற்றின் இரு முனையிலும் கட்டினால் வெறும் வாளி இறங்கும்போது நிறைந்த வாளி ஏறும், முதியவர்களுக்கும் பாரம் குறையும். இறங்கித் துப்புரவாக்குவதற்கு முன் கிணற்றுக்குள் எரியும் விளக்கொன்றை இறக்கிப் பாருங்கள். அது அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. எரிந்தாலும் இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஆட்கள் நில்லாமல் இறங்க விடாதீர்கள்.

---

திருக்கடலூர் வலை

கயிற்றை நான் தருகிறேன் ஐயா. படகு கட்டும் நைலோன் கயிறு, உப்புநீரிலும் வெயிலிலும் உழைப்பது. ஆழத்தை அளந்தவுடன் நீளத்தை இங்கே எழுதுங்கள், வெட்டி அனுப்புகிறேன். தண்ணீரைக் குடிக்கத் தொடங்குவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி எடுக்கச் செய்யுங்கள்.